காசிமேட்டிலிருந்து கன்னியாகுமரிக்கு: சைக்கிள்காரரிடம் சொல்லப்படும் கதைகள்

காசிமேட்டில் ஏதாவதொரு டீக்கடை வாசலில் சைக்கிளை நிறுத்தி, கேரியரில் மூட்டையை இறுக்கியபடி "கன்னியாகுமரி வரைக்கும் போறேன்" என்று சொல்லிப் பாருங்கள். டீ ஆறுவதற்குள் பத்து அறிவுரை வந்து விழும். "இந்த வண்டியிலயா? கியர் வண்டி வாங்குப்பா." "கடலோரந்தானே நைனா, மேடே கெடையாது, சும்மா வழுக்கிக்கினு போவலாம்." "ராத்திரில ஓட்டு, வெயில் தெரியாது." "ஓரமாவே போ, ஒண்ணும் ஆவாது." எல்லாமே அன்பில் வருவதுதான். ஆனால் பாதிக்கு மேல் தப்பு. பயப்படத் தேவையில்லாத இடத்தில் பயமுறுத்தி, பயப்பட வேண்டிய இடத்தில் முதுகைத் தட்டிக்கொடுக்கிற அறிவுரைகள் இவை.

"கடலோர சைக்கிள் பயணம் என்றால் ஈ.சி.ஆர்.தான். வடசென்னையில் என்ன இருக்கு?"

ஈ.சி.ஆரில் மகாபலிபுரம் தாண்டிப் போனவர்களைக் கேளுங்கள். சாலைக்கும் கடலுக்கும் நடுவே ரிசார்ட் மதில், சவுக்குத் தோப்பு, கழிவெளி, மரக்காணத்து உப்பளம் எல்லாம் இருக்கும். கடல் எப்போதாவதுதான் தலைகாட்டும். சாலையில் நின்றபடியே அலைத் துளி முகத்தில் தெறிக்க வேண்டுமென்றால் ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் போகும் விரைவுச் சாலைக்குத்தான் வரவேண்டும்.

கடல் அங்கே அவ்வளவு நெருக்கமாக இருப்பது இயற்கையின் கொடை அல்ல. இந்தக் கரையில் மணல் ஆண்டு முழுக்க நகர்ந்துகொண்டே இருக்கும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்குக்கு. 1870களில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் நீட்டத் தொடங்கியதும் அந்த மணல் தெற்குப் பக்கத்திலேயே தேங்கியது. மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் வரவேண்டிய மணல் வரவில்லை. கடல் உள்ளே வந்தது. குப்பங்கள் தெருத் தெருவாகக் கரைந்தன. மிச்சத்தைக் காக்கப் பாறைகளைக் கொட்டினார்கள், பிறகு தூண்டில் வளைவுகள் கட்டினார்கள். அந்தப் பாறைச் சுவரை ஒட்டித்தான் உங்கள் சைக்கிள் போகிறது. நகரத்தின் ஒரு பாதி கடற்கரை பெற்றதற்கு இன்னொரு பாதி கொடுத்த விலையைப் பார்த்துக்கொண்டே மிதிக்கிற சாலை இது. எந்த சைக்கிள் வரைபடத்திலும் இதைப் போடாதது ஏன் என்று எனக்குப் புரிந்ததில்லை.

வழியில் பார்க்கவும் இருக்கிறது. 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பிய ராயபுரம் நிலையம் இன்றும் நிற்கிறது. திருவொற்றியூரில் தியாகராஜர் கோயிலும் கடலோரமாகப் பட்டினத்தார் சமாதியும் உண்டு. புல்லட் மோட்டார் சைக்கிள் 1950களின் நடுவிலிருந்து உருவான ஊரும் அதுதான்.

"கடலை ஒட்டியே வடக்கே ஆந்திரா வரைக்கும் போயிடலாம்"

முடியாது. எண்ணூர் முகத்துவாரத்தில் கொசஸ்தலையாறு கடலில் சேர்கிறது. அதற்கு அப்பால் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி துறைமுகம், வடசென்னை அனல்மின் நிலையம் என்று கரையின் பெரும்பகுதி வேலிக்குள் இருக்கிறது. வடக்கே போகிறவர் மணலி, மீஞ்சூர், பொன்னேரி என்று உள்ளே சுற்றிப் பழவேற்காட்டில்தான் மறுபடி கடலைப் பார்ப்பார். அங்கே டச்சுக்காரர்கள் 1613இல் எழுப்பிய கோட்டையின் சிதைவும், அவர்களுடைய கல்லறைத் தோட்டமும், பனிக்காலத்தில் ஏரியில் பூநாரைகளும் உண்டு. அதற்கும் வடக்கே ஏரியும் ஸ்ரீஹரிகோட்டாவும் வழியை அடைத்துவிடும். ஆந்திரா போவதென்றால் தடா, சூளூர்ப்பேட்டை, நாயுடுபேட்டை என்று தேசிய நெடுஞ்சாலை 16தான். அதில் கடல் கண்ணில் படாது.

எனவே குறைந்த செலவில் கால் பழக்க நினைக்கிறவருக்குப் பழவேற்காடு போய்வருவதைவிட நல்ல ஒத்திகை இல்லை. ஒரு நீண்ட பகல் போதும். நெடுந்தூரம் என்றால் தெற்கே திரும்பவேண்டும்: கன்னியாகுமரி வரை 750 கிலோமீட்டருக்கு மேல்.

"ஓரமாகப் போனால் ஒன்றும் ஆகாது"

இந்தப் பட்டியலிலேயே ஆபத்தான நம்பிக்கை இது. மற்றவற்றை நம்பினால் தெம்பும் காசும்தான் போகும். இதை நம்பினால் உயிரே போகலாம்.

எண்ணூர் விரைவுச் சாலையும் மணலிச் சாலைகளும் துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்களின் சாலைகள். துறைமுக வாயிலான ஜீரோ கேட்டில் நெரிசல் என்றால் வரிசை கிலோமீட்டர் கணக்கில் நீளும். நாற்பது அடி கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் திரும்பும்போது அதன் தலை போன தடத்தில் பின்சக்கரங்கள் வராது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். நாம் இடப்பக்கம் ஓட்டுகிற நாடு என்பதால் இடது திருப்பம்தான் குறுகலானது. தலை வலப்பக்கம் அகலமாகப் போவதைப் பார்த்து, "நமக்கு இடம் விட்டிருக்கார்" என்று நினைத்து இடப்பக்கச் சந்தில் நுழைகிறார் சைக்கிள்காரர். அந்த இடம் நாலு நொடியில் மூடிவிடும். உயரமான கேபினில் உட்கார்ந்திருக்கும் டிரைவருக்கு, வண்டியின் மூக்குக்கு நேர் கீழேயும் இடப்பக்க ஓரத்திலும் இருப்பது தெரியாது. அவருடைய கண்ணாடியில் அவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லையென்றால் நீங்களும் அவருக்குத் தெரியவில்லை. சிக்னலிலும் திருப்பத்திலும் டிரெய்லருக்குப் பின்னால் நின்றுவிடுங்கள். அவர் திரும்பி முடித்ததும் போனால் ஒரு நிமிடம்தான் தாமதம்.

நேர்ச்சாலையிலும் ஒட்டிய ஓரம் நல்லதல்ல. காற்று கொண்டுவந்து குவித்த மணல், எண்ணூர்ப் பக்கம் நிலக்கரித் தூள், மீன் வண்டிகளிலிருந்து சொட்டிய உப்புநீர் எல்லாம் சேருகிற இடம் ஓரம்தான். நின்றிருக்கும் லாரியிலிருந்து கதவைத் திறந்து கிளீனர் குதிப்பதும் அந்தப் பக்கம்தான். ஓரத்திலிருந்து ஒரு கை நீளம் உள்ளே தள்ளி, நூல் பிடித்தது போல ஓட்டுங்கள். வளைந்து வளைந்து போகிறவரைவிட நேராகப் போகிறவரைத்தான் பின்னால் வருகிறவர் கணித்துத் தாண்டுவார்.

"ராத்திரில ஓட்டு" என்பதற்கும் இதுதான் பதில். பின்விளக்கில்லாமல் நிற்கும் டிரெய்லர் இருட்டில் வெறும் சுவர். டைனமோ விளக்கோ நீங்கள் நின்றால் அணைந்துவிடும்; அதாவது சிக்னலில் மிகவும் தேவைப்படும்போது இருக்காது. பேட்டரி சிவப்பு விளக்கு ஒன்றைக் கேரியரில் கட்டுங்கள். ஒளிதிருப்பும் பட்டை ஒட்டுங்கள். அப்படியும் இருட்டினால் நிறுத்திவிடுங்கள்.

"விடியற்காலைக் காற்றுதான் சுத்தம்"

வேறு ஊர்களில் இருக்கலாம். திருவொற்றியூரில் கொஞ்சம் யோசிக்கவேண்டும். இரவில் நிலம் கடலைவிடச் சீக்கிரம் குளிர்ந்துவிடுவதால் விடிகாலையில் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். தரைப் பக்கம் இருப்பது மணலி: சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, ரசாயன ஆலைகள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை விடியற்காலையில் குளிர்ந்த காற்று தரையோடு தங்கிவிட, மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோல் நிற்கும். புகை மேலே போக வழியில்லை. முற்பகல் முடியும் வேளையில் கடற்காற்று எழுந்தால் நிலைமை தலைகீழ். அப்போது கரையோரச் சாலைக்குக் கடல் பக்கத்துக் காற்று கிடைக்கும், புகை உள்ளே போய்விடும்.

அதற்காகப் பகல் பதினொரு மணிக்குக் கிளம்பச் சொல்லவில்லை. வெயிலா நாற்றமா என்றால் நான் நாற்றத்தைத்தான் எடுத்துக்கொள்வேன். தெற்கே போகிறவர் ஒரு மணி நேரத்தில் அதைத் தாண்டிவிடுவார். ஆஸ்துமா உள்ளவர்கள் மட்டும் கணக்கை மாற்றிப் போடவேண்டும். மூக்கை எரிக்கிற நெடி என்றால் யாரும் நின்று யோசிக்கக்கூடாது. 2023 டிசம்பர் 26 இரவு பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது மக்கள் வீட்டைவிட்டு ஓடவேண்டியிருந்தது. அப்படியொரு நெடி வந்தால் காற்று வரும் திசைக்குக் குறுக்காக விலகிப் போகவேண்டும், ஈரத்துணியால் மூக்கை மூடிக்கொண்டு.

"கியர் வண்டி இல்லாமல் நெடுந்தூரம் போகாதே"

சாதா ரோட்ஸ்டர் சைக்கிளில் வழக்கமாக முன்பல் சக்கரம் 44 பல், பின்னால் ஃப்ரீவீல் 18 பல். 28 அங்குலச் சக்கரத்தில் பெடலை ஒரு சுற்று சுற்றினால் வண்டி ஐந்தரை மீட்டர் போகும். நிமிடத்துக்கு 60 சுற்று, அதாவது பால்காரர் மிதிக்கிற நிதானம், மணிக்கு 19, 20 கிலோமீட்டர் தந்துவிடும். பந்தயமில்லாத நெடுந்தூர ஓட்டக்காரர்கள் பி.ஆர்.எம். என்று ஓட்டுகிறார்களே, அதில் 200 கிலோமீட்டருக்குத் தரப்படும் அவகாசம் பதின்மூன்றரை மணி நேரம். சாப்பாடு, பஞ்சர் எல்லாம் சேர்த்து மணிக்கு 15 கிலோமீட்டர்கூட வராது. உங்களுக்கு நாளைக்கு 70, 80 போதும்.

"இருபது கிலோ வண்டியை யார் மிதிப்பது?" என்பார்கள். எடை வலிப்பது ஏற்றத்திலும், நின்று நின்று கிளம்புவதிலும்தான். சமதரையில் ஒரே வேகத்தில் போகும்போது ஆளும் மூட்டையும் வண்டியும் சேர்ந்த நூறு கிலோவில் பத்துக் கிலோ குறைவது பெரிதாகத் தெரியாது. டயரில் காற்று குறைந்திருப்பதுதான் தெரியும். கடலோரப் பயணத்துக்கு மோசமான தேர்வு, பையன்கள் ஆசைப்படுகிற, முள்ளு முள்ளாய்ப் பட்டன் வைத்த அகல டயரும் முன்னும் பின்னும் ஷாக் அப்சார்பரும் உள்ள மலிவு வண்டி. மிதிக்கிற வலுவில் ஒரு பங்கை ஸ்பிரிங்கும் டயரும் தின்றுவிடும்.

குறைந்த காசில் போகிறவர் பார்க்க வேண்டியது வேறொன்று: வழியில் என்ன கிடைக்கும்? 28க்கு ஒன்றரை டயரும் டியூபும் தொண்டியிலும் கிடைக்கும், வேதாரண்யத்திலும் கிடைக்கும். 700சி என்கிற வெளிநாட்டு அளவும், ஊசி போல நீண்ட பிரெஞ்சு வால்வு டியூபும் சின்ன ஊர்களில் கிடைப்பது அரிது. பெட்ரோல் பங்க்கில் காற்றும் குடிநீரும் கழிப்பறையும் இலவசமாகத் தரவேண்டும் என்பது விதி, தயங்காமல் கேளுங்கள். ஆனால் பங்க்கின் காற்றுக்குழாய் கார் வால்வுக்கானது, ரோட்ஸ்டரின் வால்வில் பொருந்தாது. ரோட்ஸ்டர்காரருக்குக் கைப்பம்பும், நாலைந்து வால்வு டியூபும், பேட்ச்சும் சொல்யூஷனும் இருந்தால் போதும். கிளம்புமுன் ராயபுரத்திலேயே வண்டியை ஓவராயில் பண்ணி, பின்சக்கரக் கோட்டம் எடுத்து, பிரேக் கட்டைகளை மாற்றிவிடுங்கள். மூட்டை முழுவதும் பின்னால் ஏறினால் உடைவது பின்சக்கர ஸ்போக்தான். பழைய டியூபை நீளவாக்கில் வெட்டினால் கேரியர் கட்ட அதைவிட நல்ல கயிறு கடையில் இல்லை.

1977இல் ஓவியர் பிரத்யும்ன குமார் மகானந்தியா டெல்லியிலிருந்து சுவீடனுக்குக் கிளம்பியது, சில பத்து ரூபாய்க்கு வாங்கிய பழைய சைக்கிளில். வழியெல்லாம் படம் வரைந்து கொடுத்துச் சாப்பிட்டார். அவர் நடுநடுவே லாரிகளிலும் ஏறிக்கொண்டார் என்பதை அந்தக் கதையை வாட்ஸப்பில் அனுப்புகிறவர்கள் விட்டுவிடுவார்கள். எனக்கோ அதுதான் அவரிடம் கற்கவேண்டிய பாடமாகத் தெரிகிறது.

"மேடே இல்லாத சாலை, அதனால் சுலபம்"

மேடு இல்லை என்பது சரி. ஆனால் கடலோரத்தில் மேடு காற்றாக வரும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாக ஏறுவது. மணிக்கு 20 கிலோமீட்டரில் போகும்போது எதிரே 15 கிலோமீட்டர் காற்று வந்தால் உடம்பில் மோதுவது 35. எதிர்ப்பு மூன்று மடங்கு. மலையேற்றமாவது உச்சியில் முடிந்து இறக்கம் தரும். எதிர்க்காற்று சாயங்காலம் வரை முடியாது.

ஆகவே முதல் கேள்வி எந்த வண்டி என்பதல்ல, எந்த மாதம் என்பதுதான். ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி முடிய வடகிழக்குப் பருவத்தின் மழை ஓய்ந்திருக்கும், வாடைக்காற்று மட்டும் இருக்கும். தெற்கே போகிறவருக்கு அது பின்னாலிருந்து தள்ளும். கோடியக்கரையைத் தாண்டிக் கரை தென்மேற்காகத் திரும்பியதும் நேராக முதுகிலேயே விழும். ஜூன் முதல் செப்டம்பர் வரை எல்லாம் மாறிவிடும். தென்கடலோர மீனவர்கள் கச்சான் என்கிற காற்று தூத்துக்குடிக்குக் கீழே மார்பில் அறையும்; ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருவதை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. கோடை விடுமுறை முடியுமுன் போய்விடலாம் என்று ஜூனில் கிளம்புகிறவர் கன்னியாகுமரியிலிருந்து சென்னைக்கு ஓட்டுவது நல்லது. போகும்போது ரயில், வரும்போது சைக்கிள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் மாதங்கள். 2023 டிசம்பரின் மிக்ஜாமை வடசென்னைக்கு யாரும் நினைவூட்டத் தேவையில்லை.

"செயினுக்குத் தேங்காய் எண்ணெய் போதும்"

போதாது. நாளாக ஆக அது பிசுபிசுத்து மணலைப் பிடித்துக்கொள்ளும். மெக்கானிக் கடையின் கறுப்பு இன்ஜின் ஆயில் அதைவிட மோசம். தையல் மெஷின் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, உலர்துணியால் மேலே துடைத்துவிட்டால் போதும். உப்புக்காற்றில் இதைத் தினமும் சாயங்காலம் செய்யவேண்டும்.

"காசு நிறைய வேணும்", "காசே வேணாம்"

இரண்டையும் ஒரே கடையில் கேட்கலாம். 2025 மார்ச்சில் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினர் கட்ச்சின் லக்பத்திலிருந்து ஓர் அணியும் வங்கத்தின் பக்காலியிலிருந்து ஓர் அணியுமாக, 14 பெண்கள் உட்பட 125 பேர், 25 நாளில் சைக்கிளில் கன்னியாகுமரி வந்து சேர்ந்தார்கள்; மொத்தம் 6,553 கிலோமீட்டர். துறைமுக வாசலில் நாம் தினமும் பார்க்கிற அதே படைதான். சீருடையும் வரவேற்பு வளைவும் பார்த்தவர்களுக்குக் கடலோரப் பயணம் என்றாலே அந்த ஏற்பாடுகள் எல்லாம் வேண்டும் என்று தோன்றிவிட்டது. ஆனால் ஒவ்வோர் ஆகஸ்டிலும் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் நடந்தே போகிறவர்களில் நம் பேட்டைக்காரர்களும் உண்டு. கடலோரத்தை ஒட்டி, கையிருப்பு குறைவாக, வழியில் கிடைப்பதைச் சாப்பிட்டுப் போவது நமக்குப் புதிதே அல்ல.

உண்மையான செலவு சோறும் படுக்கையும். ஒரு கிலோமீட்டர் மிதிக்க ஏறத்தாழ 25 கலோரி. 80 கிலோமீட்டருக்கு வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் 2,000 கலோரி வேண்டும். இட்லியில் சொன்னால் நாற்பது இட்லி! சென்னை எல்லைக்குள் அம்மா உணவகத்தில் 2013 தொடக்கத்திலிருந்தே இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து, தயிர் சாதம் மூன்று. எல்லை தாண்டினால் அந்த விலை எல்லா ஊரிலும் கிடையாது. அங்கே கைகொடுப்பது கடலை மிட்டாய், வாழைப்பழம், அவித்த கடலை, மதியம் அளவுச்சாப்பாடு அல்லாத முழுச்சாப்பாடு. பிஸ்கெட்டிலும் கலர் பாட்டிலிலும் கரைகிற பணத்தைக் கணக்குப் பார்த்தால் மெஸ் சாப்பாடே மலிவு.

படுக்கைக்கு வேளாங்கண்ணி, நாகூர், ராமேஸ்வரம், திருச்செந்தூர் என்று கடலோரம் முழுக்க யாத்திரை ஊர்கள் இருப்பது அதிர்ஷ்டம். குறைந்த வாடகையில் விடுதிகள் உண்டு. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணியிலும், சூரசம்ஹாரத்தின்போது திருச்செந்தூரிலும் மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

மணலில் படுத்துக்கொள்ளலாம் என்கிற யோசனை சினிமாவுக்குச் சரி. காற்று சாதகமான அதே ஜனவரி, பிப்ரவரிதான் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலம். 1988 முதல் சென்னை மாணவர்கள் இரவெல்லாம் நடந்து அந்த முட்டைகளைக் காப்பாற்றி வருகிறார்கள். உங்கள் டார்ச் வெளிச்சம் குஞ்சுகளைத் திசைமாற்றிவிடும். மேலும் குப்பத்துக் கடற்கரை ஒருவருடைய வேலைக்களம். மூன்று மணிக்குப் படகு இறங்கும், வலை இழுபடும், ரோந்து போலீஸ் எழுப்பும். இருட்டுவதற்கு முன்பே போய் ஊர்ப் பெரியவரிடம் "ஐயா, ராத்திரி தங்கிட்டு விடிஞ்சதும் கெளம்பிடுவேன்" என்று கேட்டால் கோயில் மண்டபமோ மாதா கோயில் திண்ணையோ காட்டிவிடுவார்கள். அடையாள அட்டையைத் தயாராக வைத்திருங்கள். துறைமுக வாசலில் மட்டும் போனை எடுத்துப் படம் பிடிக்காதீர்கள்.

"பொம்பளைப் புள்ளைங்களுக்கு ஒத்துவராது"

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் கிராமத்துப் பெண்கள் கூட்டம் கூட்டமாக சைக்கிள் பழகினார்கள். பெண்கள் வண்டி கிடைக்காதபோது பார் வைத்த ஆண்கள் வண்டியையே வாங்கினார்கள். தடையாக இருப்பது காலின் வலு அல்ல, வழியில் கழிப்பறை. பங்க் விதியை மேலே சொன்னது இதற்காகவும்தான்.

"கடற்காற்று இருக்கு, தண்ணி அதிகம் வேணாம்"

கடலோர ஈரக்காற்றில் வியர்வை சீக்கிரம் ஆவியாகாது. ஆவியாகாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. வீசுகிற காற்றோ சூட்டை மறைத்துவிடும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்கக்கூடாது. அதேபோல் வெறும் தண்ணீராகவே லிட்டர் லிட்டராகக் குடித்தாலும் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய்த் தலைசுற்றும், வாந்தி வரும். உப்புப் போட்ட மோர், நீராகாரம், எலுமிச்சைச் சாறு எல்லாம் விலை குறைந்த மருந்து. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டு பையில் இருக்கட்டும். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்கவேண்டும், அரை பாட்டிலில் அல்ல. ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

"திரும்பி வரும்போது வண்டியை வித்துட்டுத்தான் வரணும்"

தேவையில்லை. பயணச்சீட்டோடு பார்சல் அலுவலகத்துக்குப் போனால் சைக்கிளை லக்கேஜாகப் பதிந்து, அதே ரயிலின் பிரேக் வேனில் ஏற்றலாம். ரயில் கிளம்ப அரை மணிக்கு முன் என்று விதி இருந்தாலும் இரண்டு மணி நேரம் முன்னால் போவது புத்தி. பெயர், போன் எண், ஏறும் நிலையம், இறங்கும் நிலையம் எழுதிய அட்டையை ஃபிரேமில் கட்டுங்கள். ஹேண்டில் பாரைச் சாக்கால் சுற்றுங்கள். பம்பு, விளக்கு, பெல் மூன்றையும் கழற்றி உங்கள் பையில் போட்டுக்கொள்ளுங்கள். எழும்பூரில் இறங்கியதும் ரசீதைக் காட்டி வண்டியை வாங்கிக்கொண்டால், அங்கிருந்து ராயபுரம் அரை மணி நேர மிதிதான்.